தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? ஒரு ரயில் மாடலோட தரையைப் பேத்து எடுத்து மறுபடி போட்ட கதை

மொதல்ல என்ன மாடல்னு சொல்லிடறேன், அப்பதான் பின்னாடி வர்ற அளவெல்லாம் புரியும். எச்ஓ ஸ்கேல், அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கு, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 16.5 மி.மீ. பலகை 120 செ.மீ நீளம், 60 செ.மீ அகலம். அதுல ஒரு மெயின் லைன், ஒரு சைடிங் (வண்டியை ஒதுக்கி நிறுத்தற பக்க லைன்), ரெண்டையும் சேக்கற ஒரே ஒரு பாயிண்ட்ஸ் (வண்டியை ஒரு லைன்லருந்து இன்னொண்ணுக்கு திருப்பற எடம்), மூலைல குறுக்க போற ஒரு சின்ன ஓடை, அவ்ளோதான். ஸ்டேஷன் இல்ல, வீடு இல்ல, ஆளுங்க இல்ல. வேணும்னேதான் அப்படி வெச்சேன். கட்டடம் ஒண்ணு இருந்துச்சுன்னா கண்ணு நேரா அங்க போயிடும், தரை சரியில்லனாலும் தெரியாது, எனக்கு தரைய மட்டும் ஒழுங்கா கத்துக்கணும்னு இருந்துச்சு.

முதல் தடவை மூணு சனி ஞாயித்துல முடிச்சுட்டேன். மேல நின்னு பாக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் போனை தண்டவாள மட்டத்துக்கு எறக்கி ஒரு போட்டோ எடுத்தேன், அதுலதான் எல்லாம் தெரிஞ்சுது. எஞ்சின் அச்சு அசலா இருக்கு, அது நிக்கற தரை பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கு. ஒரே பச்சை, ஒரே உயரம், கடைசி வரைக்கும் மேடு பள்ளமே இல்ல. ஜல்லி மேல கோந்து காஞ்ச பளபளப்பு. புல்லு பாதி படுத்துக் கெடக்கு. புல்லு இல்லாத எடத்துல மண்ணு கறுப்பா, ஈரம் காயாத மாதிரி. அந்த போட்டோவை பிரிண்ட் போட்டு மேஜை மேல ஒட்டி வெச்சு ஒரு வாரம் எதையும் தொடாம அதையே பாத்துட்டு இருந்தேன். எது எது தப்புன்னு பேனால வட்டம் போட்டதுல பதினோரு வட்டம் வந்துச்சு.

அளந்து பாத்தப்ப

கண்ணுக்கு தப்பா தெரியறது வேற, ஏன் தப்புன்னு கண்டுபிடிக்கறது வேற, அதுக்கு ஸ்கேலை வெச்சு அளக்கணும். நான் போட்டிருந்த ஜல்லில பெரும்பாலான கல்லு 1.5 மி.மீ-லருந்து 2 மி.மீ வரைக்கும் இருந்துச்சு. 87-ஆல பெருக்குங்க, 13-லருந்து 17 செ.மீ வருது. நிஜ லைன்ல ஜல்லி பொதுவா 4-லருந்து 6.5 செ.மீ தான். அப்ப மாடல்ல அது 0.5-லருந்து 0.75 மி.மீ-க்குள்ள இருக்கணும், நான் போட்டது பாறாங்கல்லு. புல்லும் அதே கதைதான். புல்லுக்குன்னு விக்கற 6 மி.மீ நீள செயற்கை நார் பாக்கெட் ஒண்ணையே பலகை முழுக்க போட்டிருந்தேன், 6 மி.மீ-ன்னா நிஜத்துல 52 செ.மீ, முழங்காலுக்கு மேல நிக்கற புல்லு. அது ஸ்லீப்பர் கட்டை நுனி வரைக்கும் ஒரே சீரா நிக்குது. ஒழுங்கா பராமரிக்கற மெயின் லைன்ல அப்படி விட மாட்டாங்க, ஜல்லி ஓரம் சுத்தமா இருந்தாத்தான் தண்ணி வடியும்.

இந்த ‘தண்ணி வடியும்’ங்கறதுதான் எனக்கு சாவி மாதிரி ஆச்சு. அந்த வாரம் தெனமும் சாயங்காலம் ரோட்டோரத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து தரையைப் பாத்தேன், மாடலுக்கு ரெயில்வே லைன் பக்கமே போகணும்னு இல்ல, எந்த மண்ணும் அதையேதான் சொல்லிக் குடுக்குது. மேட்டு உச்சில புல்லு கம்மி, வெளுத்துப் போயிருக்கும். சரிவோட அடில கூழாங்கல்லு சேந்திருக்கும், ஏன்னா பெரிய கல்லு உருண்டு கீழ வந்துடும். பள்ளத்துல புல்லு உயரமா, கரும்பச்சையா. பள்ளத்தோட அடில மாவு மாதிரி வண்டல், தண்ணி நின்னு வத்தின எடத்துல வெடிப்பு. ஜனங்க நடக்கற எடத்துல கட்டாந்தரை. கலரு, உயரம், கல்லோட சைஸு எல்லாத்தையும் தண்ணிதான் முடிவு பண்ணுது. நான் என்ன பண்ணிட்டேன்னா அந்த தண்ணி ஓடறதுக்கு எடமே இல்லாத ஒரு தட்டைப் பலகைல செடி நட்டுட்டேன். அதனால இந்தப் பச்சையை கொஞ்சம் மாத்தலாம், அங்க ஒரு புதர் வெக்கலாம்னு ஒட்டுப் போடற வேலையெல்லாம் வேணாம், முழுசா எடுத்துடலாம்னு முடிவு பண்ணேன்.

பேத்து எடுக்கறது நெனச்சதை விட சுலபமா இருந்துச்சு. காரணம், முதல் தடவை ஒட்டினது எல்லாமே வெள்ளைக் கோந்து. வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் தேய்க்கற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, பழைய துண்டை நனைச்சு ட்ராக் மேல போத்தி ராத்திரி முழுக்க விட்டேன், காலைல கரண்டியால வழிச்சா தயிர் மாதிரி வந்துச்சு. ட்ராக் ஒரு எடத்துல கூட வளையாம மொத்தமும் மிஞ்சிடுச்சு. இதே அக்ரிலிக் மேட் மீடியம்ங்கற பெயிண்ட் வகைப் பசை போட்டு ஒட்டியிருந்தா காஞ்சப்புறம் தண்ணிக்கு கரையாது, ட்ராக்கை மறந்துட வேண்டியதுதான். மேட் மீடியம்ல பளபளப்பு வராதுங்கறது உண்மை, நெறைய பேர் அதைத்தான் சிபாரிசு பண்றாங்க, ஆனா ட்ராக்கைச் சுத்தி மட்டுமாவது வெள்ளைக் கோந்துதான் போடணும்ங்கறது என்னோட அழுத்தமான கருத்து. என்னைக்காவது ஒருநாள் பேக்க வேண்டி வரும்.

மறுபடி போட்டது: உருவம் மொதல்ல

முன்னாடி ப்ளைவுட் மேல கார்க், கார்க் மேல ட்ராக். தரை ட்ராக்குக்கு கீழ போகவே முடியாது, போனா மரம் இடிக்கும். இந்த தடவை ப்ளைவுட் மேல 5 செ.மீ கனத்துக்கு அழுத்தமான ஃபோம் ஷீட், கட்டடத்துல வெப்பம் தடுக்கப் போடற அந்த நீலம் இல்ல பிங்க் கலர் சமாச்சாரம், அதை ஒட்டி அதுக்கு மேல கார்க்கும் ட்ராக்கும் வெச்சேன். இதோட சேத்து வெக்கற மத்த பலகைங்களோட மட்டம் சேரணும்ல, அதனால பலகையோட கால்களை 5 செ.மீ அறுத்தேன். இப்ப ட்ராக்குக்கு கீழ செதுக்க எடம் கெடச்சுது. இந்த ஃபோம்ல ஒரு எச்சரிக்கை இருக்கு, டப்பால வர்ற ஸ்ப்ரே பெயிண்ட்டும் சால்வென்ட் இருக்கற பசையும் நேரா பட்டா அரிச்சுத் தின்னுடும், தண்ணில கலக்கற பெயிண்ட்டும் கோந்தும் மட்டும் போடுங்க.

மெயின் லைனுக்கு 5 மி.மீ கார்க், சைடிங்குக்கு 3 மி.மீ. இந்த 2 மி.மீ வித்தியாசம் ஒண்ணும் இல்லாத மாதிரி தெரியும், ஆனா ரெண்டு லைனும் ஒரே உயரத்துல இல்லைங்கறதை கண்ணு உடனே புடிச்சுக்கும், நிஜத்துலயும் சைடிங்குக்கு ஜல்லி கம்மியாத்தான் போடுவாங்க. கரையோட சரிவுக்கு அட்டைல ஒரு முக்கோணம் வெட்டிக்கிட்டேன், ரெண்டு பங்கு தள்ளிப் போனா ஒரு பங்கு எறங்கற மாதிரி. மண் கரைக்கு அதுதான் நியாயமான சரிவு, அதை விட செங்குத்தா வெச்சா சரிஞ்சுடும்னு நம்ம கண்ணுக்கே தெரியும். பத்து செ.மீ-க்கு ஒரு தடவை அந்த அட்டையை வெச்சுப் பாத்து பாத்து செதுக்கினேன். கரையோட அடில ரெண்டு பக்கமும் வாய்க்கால், ஓடையை நோக்கி லேசான இறக்கம்.

செதுக்கின ஃபோம் மேல பிளாஸ்டர்ல நனைச்ச காகித டவல். 1960கள்ல லின் வெஸ்ட்காட்ங்கற அமெரிக்க மாடல் ரயில் பத்திரிகை ஆசிரியர் பரப்பின ‘ஹார்ட்ஷெல்’ முறைல கசக்கின நியூஸ்பேப்பர் மேல பிளாஸ்டர் டவலைப் போத்தி மலையே எழுப்பினாங்க, உள்ள கூடுதான், ஓடு மட்டும் நிக்கும். எனக்கு அவ்ளோ உயரம் தேவையில்ல, ஃபோமோட வெட்டு மறையறதுக்கு ஒரு சுத்து போட்டா போதும். காஞ்சப்புறம் பளபளப்பு இல்லாத மண் கலர் பெயிண்ட் ரெண்டு கோட்டு.

இப்ப பண்ணினதுதான் இந்த மொத்த வேலைலயே முக்கியமானதுன்னு நெனக்கறேன். பெயிண்ட் நல்லா காஞ்சப்புறம், மண்ணு, புல்லு எதுவும் போடறதுக்கு முன்னாடி, ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி எடுத்து பலகை முழுக்க மழை மாதிரி அடிச்சேன். அடிச்சுட்டு பென்சிலோட குனிஞ்சு பாத்தேன். மெயின் லைன் கரைல விழுந்த தண்ணி நூல் நூலா பிரிஞ்சு எறங்கி வாய்க்கால்ல சேந்து ஓடைக்கு போச்சு, சரி. சைடிங்குக்குப் பின்னாடி விழுந்த தண்ணி எங்கயும் போகல. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு குட்டையா நின்னுச்சு, முன்னாடி சைடிங் கரை, பின்னாடி மேடு, வெளிய போக வழியே இல்ல. நிஜமா இருந்தா ஒரு மழைக்காலத்துல கரை ஊறி சைடிங் எறங்கியிருக்கும். அங்க என்ன பண்ணுவாங்க? கரைக்கு அடில குழாய் போடுவாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது, லைன் ஓரமா நடுநடுவுல காரணமே இல்லாத மாதிரி தெரியற சின்ன சின்ன மதகுங்க எல்லாம் இதுக்குத்தான்னு. கரையைக் குடைஞ்சு 8 மி.மீ குழாய் ஒண்ணு சொருகினேன், ரெண்டு வாய்லயும் பிளாஸ்டர்ல சின்ன சுவர். அடுத்த மழைல தண்ணி குழாய் வழியா வந்துச்சு. தண்ணி நின்ன எடம், வழிஞ்ச எடம் எல்லாத்தையும் பென்சில்ல கோடு போட்டு வெச்சேன், அதுக்கப்புறம் எங்க எந்த மண்ணு, எங்க எந்தப் புல்லுங்கறதுக்கு அந்தக் கோடுதான் வரைபடம்.

மண்ணு

நிஜ மண்ணை விட நல்ல மண்ணு எந்தப் பாக்கெட்லயும் வராது, ஆனா அப்படியே எடுத்துப் போட முடியாது. வெயில்ல காய வெச்சு, அப்புறம் ஓவன்ல சூடு பண்ணி பூச்சி, முளைப்பு எல்லாம் போனப்புறம், பிளாஸ்டிக் கவர்ல சுத்தின காந்தத்தை மண்ணுக்குள்ள விட்டு நாலஞ்சு தடவை கிளறினேன். கவர் மேல கறுப்பு மீசை மாதிரி இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. எஞ்சின் மோட்டர்ல காந்தம் இருக்கு, அந்தத் துகள் தரைல இருந்தா ஒவ்வொண்ணா இழுத்து உள்ள சேத்துக்கும், இந்த ஸ்டெப்பை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. அப்புறம் மூணு சல்லடை: மாவு சலிக்கறது, டீ வடிகட்டி, கடைசியா நைலான் ஸ்டாக்கிங். வடிகட்டில தங்கின கரடு சரிவோட அடிக்கு, அதுல எறங்கினது பொதுவான தரைக்கு, ஸ்டாக்கிங்ல எறங்கின மாவு வாய்க்கால் அடிக்கும் குட்டை நின்ன எடத்துக்கும்.

மண்ணு கறுத்துப் போனதுக்கு காரணம் கோந்து. ஈரத்துல கறுக்கற மண்ணு கோந்து காஞ்சப்புறமும் முழுசா பழைய நிறத்துக்கு வராது. அதோட ரூம் லைட்டு வெயில் கெடயாது, வெளிய சரியா தெரியற நிறம் உள்ள ரெண்டு படி இருட்டா தெரியும். அதனால ஒரு அட்டைல அஞ்சு மண்ணு பட்டை பட்டையா போட்டு ஒவ்வொண்ணுலயும் பாதி மட்டும் கோந்து விட்டு, மாடலுக்கு மேல இருக்கற அதே லைட்டுக்கு கீழ ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தேன். கைல எடுக்கறப்ப ரொம்ப வெளுப்பா இருக்கேன்னு நான் ஒதுக்கின மண்ணுதான் கடைசில சரியா வந்துச்சு.

ஒட்டறதுல ஒரே ஒரு சூட்சுமம், மொதல்ல நனைக்கணும். காஞ்ச பொடி மேல கோந்துத் தண்ணி சொட்டினா அது உருண்டையா நின்னு பக்கத்துல இருக்கற பொடியை எல்லாம் இழுத்து பள்ளம் பறிச்சுடும், தண்ணியோட மேல்பரப்பு இழுவிசை அது. சோப்பு அந்த இழுவிசையைக் குறைக்கும். அதனால சோப்புத் தண்ணியை பனி மாதிரி மேல இருந்து அடிச்சு, மண்ணு முழுசா ஊறினப்புறம், ஒரு பங்கு கோந்துக்கு மூணு பங்கு தண்ணி கலந்து சிரிஞ்சுல சொட்டு சொட்டா விட்டேன், ஊறின மண்ணு அதை தானா உறிஞ்சுக்குது.

ஜல்லிக்கும் அதேதான், சோப்புக்கு பதிலா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு, பக்கத்துல நெருப்பு இல்லாம. ஜல்லி போடறதுக்கு முன்னாடி தண்டவாளத்தோட பக்கவாட்டுல துரு கலர், கட்டைக்கு சாம்பல் பழுப்பு அடிச்சு முடிச்சுடணும். ஸ்பூன்ல கொட்டி, மெத்துனு ஒரு பிரஷ்ல ஒதுக்கி, அப்புறம் விரலால தண்டவாளத்தை டொக் டொக்னு தட்டிக்கிட்டே போனா கட்டை மேல ஒக்காந்திருக்கற கல்லு எல்லாம் குதிச்சு எறங்கிடும். கோந்து விட்டப்புறம் ஒரு கல்லு கூடாத எடத்துல இருந்தாலும் அது அங்கேயே செத்துப் போச்சு, அதனால தட்டறதுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. சைடிங்ல ஜல்லியோட பாதிக்குப் பாதி சலிச்ச மண்ணைக் கலந்தேன், மெயின் லைன்ல சுத்தமான ஜல்லி.

பாயிண்ட்ஸ்தான் பயமா இருந்துச்சு. முதல் தடவை கோந்து நகர்ற கம்பிக்கு அடில போய் அப்படியே இறுகிடுச்சு, துண்டு போட்டு ஊற வெச்சதுலதான் உயிர் வந்துச்சு. இந்த தடவை அந்தக் கம்பி நகர்ற எடத்துல ஜல்லியே போடல, ஜல்லி கலர்ல பெயிண்ட் மட்டும், கம்பியோட ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக்குக்கு ஒத்துப் போற எண்ணெய் ஊசி முனைல ஒரு சொட்டு. கோந்து காயற வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திக்கிட்டே இருந்தேன்.

புல்லு

ஸ்டேட்டிக் கிராஸ், அதாவது மின்சார சார்ஜ் குடுத்து நிமித்தி ஒட்டற நார்ப் புல்லு, ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சா ஏன் படுக்குதுன்னும் தெரிஞ்சுடும். அதைத் தூவற கருவிக்குள்ள ஒரு ஹை வோல்டேஜ் சர்க்யூட், அதோட ஒரு முனை நார் கொட்டி வெச்சிருக்கற உலோக சல்லடைல, இன்னொரு முனை ஒரு வயர்ல வெளிய வரும், அதை ஈரக் கோந்துல குத்தின ஆணில மாட்டணும். சல்லடைல நார் சார்ஜ் ஆகி, கோந்தை நோக்கி நேரா பாஞ்சு குத்தி நிக்கும், எல்லா நாருக்கும் ஒரே சார்ஜ்ங்கறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிமிந்து நிக்கும். இதுல கோந்து ஈரமா இருக்கணும்ங்கறதுதான் உயிர்நாடி, ஒட்டறதுக்கு மட்டும் இல்ல, கரண்ட் போற வழியும் அந்த ஈரம்தான். நான் முதல் தடவை முழுப் பலகைக்கும் ஒரேடியா கோந்து தடவிட்டு ஆணியை ஒரு மூலைல குத்திட்டு ஆரம்பிச்சேன், அடுத்த மூலைக்கு போறதுக்குள்ள கோந்து மேல ஆடை கட்டிடுச்சு, நாரு குத்த முடியாம மேலயே படுத்துடுச்சு.

இந்த தடவை உள்ளங்கை அளவு எடம், அதுக்கு மட்டும் கோந்து, அதுக்குள்ளயே ஆணி, ஒரு நிமிஷம் கருவி, அடுத்த உள்ளங்கை. எஞ்சினை எல்லாம் வேற ரூமுக்கு எடுத்துட்டுப் போய், கண்ட்ரோல் வயரையும் கழட்டி வெச்சுட்டேன், இந்த சார்ஜ் எஞ்சினுக்குள்ள இருந்து அதைக் கட்டுப்படுத்தற டிகோடர் சிப்புக்கு ஆகாது. பென்சில் கோட்டைப் பாத்து பாத்துத்தான் போட்டேன்: மேட்டு உச்சிக்கு 2 மி.மீ வைக்கோல் கலர், அதுவும் தெளிச்ச மாதிரி. சரிவுக்கு 2-ம் 4-ம் கலந்து மூணு பச்சை. வாய்க்கால் விளிம்புல மட்டும் 6 மி.மீ கரும்பச்சை, ஓடை வாய்ல கோரை மாதிரி 12 மி.மீ கொத்து கொஞ்சமே கொஞ்சம், அது நிஜத்துல ஒரு ஆள் இடுப்பளவு. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு எடத்துல புல்லே போடல. முடிச்ச அன்னைக்கு அது காலியா இருக்கற மாதிரி மனசு அடிச்சுக்கிச்சு, இன்னும் கொஞ்சம் போடலாமான்னு கை போச்சு, போட்டோ எடுத்துப் பாத்துட்டு கையை எடுத்துட்டேன், அந்தத் தெரியற மண்ணுதான் புல்லை புல்லா காட்டுது. ஒட்டாத நாரை வேக்குவம் வாய்ல ஸ்டாக்கிங் கட்டி இழுத்ததுல நெறைய திரும்பக் கெடச்சுது, கலர் கலந்து போயிருந்துச்சு, அந்தக் கலவைதான் சைடிங் நடுவுல போட ரொம்ப பொருத்தமா அமைஞ்சுது.

ஓடைக்கு அடில நடுவுல கறும்பழுப்பு, ஓரத்துல வெளிர் மண் கலர் அடிச்சு எபாக்ஸி ரெசின் ரெண்டு தடவையா, ஒவ்வொரு தடவையும் 2 மி.மீ தான். ஒரேடியா கனமா ஊத்தினா சூடு ஏறும், ஃபோம் மேல அது வேணாம். ஓரத்துல ரெசின் புல்லு வேர்ல ஏறி ஒரு ஈரக்கோடு வந்துச்சு, அதைத் துடைக்கல, நிஜ ஓடைல கரை ஈரமாத்தான் இருக்கும்.

இப்ப எப்படி இருக்கு

அதே உயரத்துல, அதே லைட்டுல, அதே எஞ்சினை வெச்சு போட்டோ எடுத்து பழசோட பக்கத்துல ஒட்டினேன். பதினோரு வட்டத்துல ஒம்பது போயிடுச்சு. ரெண்டையும் கறுப்பு வெள்ளையா மாத்திப் பாத்தது ரொம்ப உதவியா இருந்துச்சு, கலர் போனப்புறம் பழைய போட்டோல தரை முழுக்க ஒரே சாம்பல், புதுசுல உச்சி வெளுப்பு, சரிவு நடுத்தரம், வாய்க்கால் கறுப்புன்னு மூணா பிரிஞ்சு நிக்குது. முதல் தடவை மூணு வாரம் ஆச்சு, இதுக்கு பதினோரு வாரம், அதுல பாதி நாள் எதாவது ஒண்ணு காயறதுக்காக காத்திருந்ததுதான்.

மிச்சம் ரெண்டு. ஃபோம் ஷீட் ரெண்டு சேர்ற எடத்துல பிளாஸ்டர் மயிரிழை மாதிரி வெடிச்சு மண்ணுக்கு மேல வரைக்கும் வந்திருக்கு, அந்த இணைப்பு மேல துணிப்பட்டை ஒட்டிட்டு பிளாஸ்டர் போட்டிருக்கணும். இன்னொண்ணு அந்த மதகோட வெளி வாய். தண்ணி குழாய்லருந்து வேகமா வந்து விழுந்து பரவற எடம், அங்க விசிறி மாதிரி வண்டல் படிஞ்சிருக்கணும், வாய்கிட்ட கரடு, போகப் போக மாவு. நான் அங்கயும் பொது மண்ணையே போட்டுட்டேன். டீ வடிகட்டில தங்கினது ஒரு டப்பா எடுத்து வெச்சிருக்கேன், ஸ்டாக்கிங்ல எறங்கினது அரை டப்பா இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம மொதல்ல ஸ்ப்ரே பாட்டில எடுத்து அந்த எடத்துல மட்டும் இன்னொரு மழை அடிச்சு, தண்ணி எது வரைக்கும் விரியுதுன்னு கோடு போடணும்.